யூரோப்பியானா ஒரு நூலகம் அல்ல

"ஐரோப்பாவின் எல்லா நூலகங்களையும் ஒன்றாக்கிவிட்டார்கள், ஒரே தளத்தில் ஐந்து கோடிப் புத்தகங்கள் இலவசம்" என்று ஒரு செய்தி அவ்வப்போது சுற்றிவரும். கூடவே யூரோப்பியானா என்ற தளத்தின் இணைப்பும் இருக்கும். ஆர்வமாகப் போய்த் தேடுகிறவர் பத்து நிமிடத்தில் சலித்துப்போவார். புத்தகம் கேட்டால் ஓவியம் வருகிறது. 1950-இல் வெளிவந்த நாவலைத் தேடினால் ஒன்றும் வருவதில்லை. கிடைத்த ஒன்றை அழுத்தினால் வேறொரு நாட்டு நூலகத்தின் தளத்தில் போய் நிற்கிறது.

ஐந்து கோடிக்கு மேல் என்ற எண்ணிக்கை உண்மைதான். ஆனால் அது பதிவுகளின் எண்ணிக்கை. அவற்றில் புத்தகம், ஓவியம், வரைபடம், ஒளிப்படம், ஒலிப்பதிவு, பழைய செய்தித்தாள் எல்லாம் கலந்திருக்கின்றன. நூலகங்களை யாரும் ஒன்றாக்கவும் இல்லை. அங்கே நடந்தது என்ன, அது எப்படி இயங்குகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பலகையும் பேருந்தும்

மாவட்டத் தலைநகரப் பேருந்து நிலையத்தில் தொங்கும் நேரப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, பக்கத்து மாநிலப் பேருந்து எல்லாமே அதில் இருக்கும். எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, எந்த நடைமேடையில் என்று பலகை சொல்லும். பலகை வைத்தவரிடம் ஒரு பேருந்துகூடக் கிடையாது. வண்டி, ஓட்டுநர், டீசல், கட்டணம் எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் பாடு. ஒரு நிறுவனம் தடத்தை நிறுத்திவிட்டுப் பலகைக்காரரிடம் சொல்லாமல் விட்டால் பயணி நின்றுகொண்டேதான் இருப்பார்.

யூரோப்பியானா அந்தப் பலகை. 2008 நவம்பர் 20 அன்று தொடங்கியது. நடத்துவது ஓர் அறக்கட்டளை. அதன் அலுவலகம் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான நூலகங்களும் அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் தங்களிடம் உள்ள பொருள்களின் விவரங்களை அங்கே அனுப்புகின்றன. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மொழி, யாரிடம் இருக்கிறது, எந்த முகவரியில் பார்க்கலாம், என்ன உரிமை என்று ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் இந்த விவரத் தொகுதிக்கு மீத்தரவு என்று பெயர். யூரோப்பியானா வைத்திருப்பது மீத்தரவும் சிறிய முன்னோட்டப் படமும்தான். செய்தித்தாள் தொகுப்பு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி, ஸ்கேன் செய்த பக்கங்கள் சொந்தக்கார நூலகத்தின் சர்வரை விட்டு நகர்வதில்லை.

பிரஸ்ஸல்ஸ் ஏன் உத்தரவு போடுவதில்லை

"ஐரோப்பிய ஒன்றியம் உத்தரவிட்டது, நூலகங்கள் நவீனமாயின" என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியம் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் செயற்பாட்டு ஒப்பந்தத்தில் 167-ஆம் பிரிவு பண்பாடு பற்றியது. உறுப்பு நாடுகள் தங்களுக்குள் ஒத்துழைக்க ஊக்கம் தரலாம், தேவைப்பட்டால் துணை நிற்கலாம் என்கிறது அது. அதே பிரிவு, நாடுகளின் பண்பாட்டுச் சட்டங்களை ஒரே அச்சில் வார்க்கக்கூடாது என்றும் தடுக்கிறது. நூலகம் அந்தத் தடைக்குள் வருகிறது. அதனால் "ஐரோப்பிய நூலகச் சட்டம்" என்று ஒன்று கிடையாது. பின்லாந்துக்கு நாடு முழுவதற்குமான பொது நூலகச் சட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் அந்தப் பொறுப்பு மாநிலங்களுடையது. அவற்றில் துரிங்கியா 2008-இல்தான் முதலாவதாகத் தனி நூலகச் சட்டம் இயற்றியது.

அப்படியானால் ஒன்றியத்தின் கையில் இருப்பது என்ன? முதலாவது பணம்: குறிப்பிட்ட திட்டங்களுக்கு நிதி. இரண்டாவது பரிந்துரை: நாடுகளுக்கு இலக்குச் சொல்லும், கட்டாயப்படுத்தாது. மூன்றாவதுதான் பல் உள்ள கருவி. பதிப்புரிமை ஒரு சந்தை விவகாரம். புத்தகம் நாடு விட்டு நாடு விற்கப்படும் சரக்கு. சந்தை விவகாரங்களில் ஒன்றியம் சட்டம் செய்யலாம். அப்படிச் செய்யும் சட்டங்களில் முக்கியமான வகை டைரக்டிவ் எனப்படும் நெறியாணை. அது அடைய வேண்டிய முடிவையும் கெடுவையும் குறிக்கும். ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தைத் திருத்தி அந்த முடிவுக்கு வர வேண்டும். ஐரோப்பிய நூலகங்களை மிக அதிகமாக மாற்றியவை பண்பாட்டு அமைச்சர்களின் தீர்மானங்கள் என்பதைவிட, சந்தைச் சட்டம் எழுதுகிறவர்களின் நெறியாணைகள் என்பதே என் கணிப்பு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மன்றம் வேறு, 27 நாடுகளின் ஐரோப்பிய ஒன்றியம் வேறு. மன்றத்தில் 46 நாடுகள். நூலகச் சட்டங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று 2000-த்தில் வழிகாட்டுதல் வெளியிட்டதும், 2023-இல் அதைப் புதுப்பித்துப் பரிந்துரை தந்ததும் மன்றம்தான். செய்திகளில் இரண்டும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன.

இதுவரை பார்த்தது: யூரோப்பியானா தேடித்தரும் பலகை, பொருள் அந்தந்த நூலகத்தில். ஒன்றியம் நூலகங்களை ஆள முடியாது. பணமும் பரிந்துரையும் தரலாம், பதிப்புரிமைச் சட்டத்தை மாற்றலாம்.

கூகுள் கொடுத்த அதிர்ச்சி

ஒத்துழைப்பு 2008-இல் திடீரென்று முளைத்ததல்ல. நூலகங்கள் கணினித் தரவைப் பகிர்ந்துகொள்வது பற்றி உறுப்பு நாடுகளின் பண்பாட்டு அமைச்சர்கள் 1985 செப்டம்பரிலேயே தீர்மானம் போட்டார்கள். 1987-இல் தேசிய நூலகங்களின் தலைவர்கள் கூடும் மாநாடு அமைந்தது. 1990-களில் ஒன்றியத்தின் ஆய்வு நிதியில் நூலகங்களுக்கென்று தனிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. தேசிய நூலகங்களின் பட்டியல்களை ஒரே இடத்தில் தேட உதவும் 'தி யூரோப்பியன் லைப்ரரி' என்ற சேவை 2005-இல் திறந்தது. எல்லாம் நூலகர்களுக்குள் நடந்த அமைதியான வேலை. அரசியல்வாதிகள் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்க வைத்தது கூகுள். 2004 டிசம்பரில் ஹார்வர்டு, ஸ்டான்போர்டு, மிச்சிகன் பல்கலைக்கழகங்கள், நியூயார்க் பொது நூலகம், ஆக்ஸ்போர்டு ஆகியவற்றின் புத்தகங்களை ஸ்கேன் செய்யப்போவதாக அது அறிவித்தது. ஐந்தில் நான்கு அமெரிக்காவில். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் அன்றைய தலைவர் ழான்-நோயல் ழானனே, உலக நினைவு ஆங்கிலத்தின் வழியாகவே வடிகட்டப்படும் என்று எச்சரித்து எழுதினார். 2005 ஏப்ரல் 28 அன்று பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி, போலந்து, ஹங்கேரி ஆகிய ஆறு நாடுகளின் தலைவர்கள், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள்: ஐரோப்பாவுக்கென்று ஒரு எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் வேண்டும். அதே ஆண்டு ஆணையம் திட்ட அறிக்கை வெளியிட்டது. 2006 ஆகஸ்டில் முதல் பரிந்துரை வந்தது.

2008-இல் சுமார் இருபது லட்சம் பதிவுகளுடன் தளம் திறந்த அன்றே படுத்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடி அளவில் கோரிக்கைகள் குவிந்தன; சர்வர் தாங்கவில்லை. இறக்கி, வலுப்படுத்தி, டிசம்பர் இறுதியில்தான் மறுபடி ஏற்றினார்கள்.

ஒரு புத்தகம் பலகைக்கு வரும் வழி

ஒரு சிறு நகர நூலகத்தில் 1780-இல் அச்சான 300 பக்க ஜெர்மன் புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மின்னாக்கம், அதாவது அச்சுப் பக்கத்தைப் படக்கோப்பாக மாற்றுவது. பழைய புத்தகத்தின் கட்டு உடையாமல் இருக்க, V வடிவத் தொட்டிலில் பாதியளவே விரித்து மேலிருந்து படம் எடுப்பார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது குறைந்தபட்சம். எழுத்து பொடியாக இருந்தால் 400. ஏ4 அளவுப் பக்கத்தை 300 புள்ளியில் முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் பக்கத்துக்குச் சுமார் 26 எம்பி. 300 பக்கத்துக்கு ஏறக்குறைய 8 ஜிபி. இது காப்புக்கான மூலப் பிரதி. வாசகருக்கு இதிலிருந்து சிறிய ஜேபெக் படங்கள் செய்து தருவார்கள். செலவை மிச்சம் பிடிக்கச் சிறிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடும் நிறுவனம் பத்து ஆண்டு கழித்து அதே புத்தகத்தை மறுபடி தொட்டிலில் வைக்க வேண்டியிருக்கும்.

அடுத்து எழுத்துணரி. படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் மென்பொருள் அது. 1780 ஜெர்மன் புத்தகம் பிராக்டூர் என்னும் முறுக்கெழுத்தில் அச்சாகியிருக்கும். அதில் எஸ் எழுத்தின் நீண்ட வடிவம் எஃப் போலவே தெரியும்; மென்பொருள் ஆயிரக்கணக்கான இடங்களில் ஏமாறும். பழைய அச்செழுத்துக்கு எழுத்துணரியைப் பழக்கவே 2008 முதல் 2012 வரை 'இம்பாக்ட்' என்ற கூட்டுத் திட்டம் ஒன்றிய நிதியில் நடந்தது. அதைத் தொடர்ந்து வந்த செய்தித்தாள் திட்டம் ஒரு கோடிப் பக்கங்களை உரையாக்கியது. ஒரே நாடு செய்தால் கட்டுப்படியாகாத, எல்லா நாட்டுக்கும் பயன்படும் இந்த மாதிரி வேலைக்குத்தான் ஒன்றியப் பணம் நன்றாகப் பலன் தந்திருக்கிறது.

பிறகு மீத்தரவு. இங்கேதான் சறுக்கல்கள் அதிகம். நூலகம் தன் பட்டியலில் நூலகர் படித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதியிருக்கும்: "சுமார் 1780", "18-ஆம் நூற்றாண்டு", "17--?". மனிதருக்கு இது போதும். ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தும் இயந்திரத்துக்கு இவை மூன்றும் குப்பை. ஹங்கேரிய நூலகம் வியன்னாவை 'பேச்' என்று எழுதும், ஆஸ்திரிய நூலகம் 'வீன்' என்று எழுதும். இரண்டும் ஒரே நகரம் என்று பலகைக்கு யார் சொல்வது?

இதற்கான விடைதான் யூரோப்பியானா தரவு மாதிரி. எல்லா நிறுவனங்களும் தங்கள் பட்டியலை எந்தக் கட்டங்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பொது அச்சு அது. இடம், ஆள், பொருள்வகை போன்றவற்றைச் சொல்லாக எழுதுவதோடு, உலகப் பொது அடையாள எண்ணையும் இணைக்கச் சொல்கிறது. வியன்னாவுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் 'பேச்', 'வீன்' எல்லாம் அதன் கீழ் வந்துவிடும். இந்த இணைப்பை இயந்திரமே ஊகித்துச் செய்யும்போது வேடிக்கையும் நடக்கும். ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டவரின் புத்தகம் அந்த ஊரின் வரலாற்றோடு போய்ச் சேரும்.

சிறு நகர நூலகம் இவ்வளவையும் நேரடியாக யூரோப்பியானாவுக்கு அனுப்புவதில்லை. நடுவில் திரட்டி இருக்கிறது: பல நிறுவனங்களின் மீத்தரவைச் சேர்த்து, சரிபார்த்து, பொது அச்சுக்கு மாற்றித் தரும் அமைப்பு. ஜெர்மனிக்கு 'டாய்ச்ச டிஜிட்டாலே பிப்ளியோதேக்', ஸ்பெயினுக்கு 'ஹிஸ்பானா' என்று நாட்டுத் திரட்டிகள் உண்டு. தொலைக்காட்சிப் பதிவுக்கு 'இயூஸ்கிரீன்' போலப் பொருள்வாரித் திரட்டிகளும் உண்டு. நூலகத்தின் சர்வரில் புதிய பதிவு எது, மாறிய பதிவு எது என்று திரட்டி குறித்த இடைவெளியில் கேட்டு வாங்கிக்கொள்ளும். இந்தக் கேள்வி-பதிலுக்கு ஓஏஐ-பிஎம்எச் என்ற எளிய நெறிமுறை பயன்படுகிறது. நீக்கப்பட்ட பதிவைப் பற்றிச் சொல்லும் வசதி அதில் இருந்தாலும் அது கட்டாயமில்லை. அதனால் நூலகத்தில் எடுத்துவிட்ட பொருள் பலகையில் தொடர்ந்து தொங்குவது உண்டு.

திரட்டியைத் தாண்டியபின் தரப் பரிசோதனை. தலைப்போ விளக்கமோ ஏதாவது ஒன்று, வகை, கொடுத்த நிறுவனத்தின் பெயர், பார்க்கும் முகவரி, உரிமைக் குறிப்பு ஆகியவை இல்லாத பதிவு திருப்பி அனுப்பப்படும். எழுத்து வடிவப் பொருளாக இருந்தால் மொழியும் சொல்லியாக வேண்டும். இவற்றைக் கடந்தவை நான்கு படிநிலைகளாகப் பிரியும். படங்களுக்கு முதல் படியில் 0.1 மெகாபிக்சல் இருந்தால் போதும். இரண்டாம் படிக்கு 0.42, மூன்றாம் படிக்கு 0.95, அதோடு ஏதாவது ஒரு வகையில் மறுபயன்பாட்டுக்கு அனுமதியும் வேண்டும். யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்றால் நான்காம் படி. தளத்தில் மங்கலான கட்டைவிரல் அளவுப் படம் மட்டும் வந்தால், அந்த நிறுவனம் முதல் படியில் நின்றுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

கடைசியாக முகவரி. நூலகம் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகள் செத்துப்போகும். பலகையில் இருக்கும் இணைப்பு 'பக்கம் காணவில்லை' என்னும் 404-இல் முடியும். இதைத் தடுக்க நிலைத்த அடையாள எண் கொடுக்க வேண்டும். சர்வர் மாறினாலும் பொருளின் எண் மாறாது; எண்ணைக் கேட்டால் அன்றைய முகவரிக்கு அது அனுப்பிவைக்கும். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' தளம் 'ஆர்க்' என்ற வகை எண்ணைத் தருகிறது. ஜெர்மனியில் 'யூஆர்என்' வகை பரவலாக இருக்கிறது. ஸ்கேனருக்குப் பணம் ஒதுக்கிவிட்டு இதற்கு ஒதுக்காத திட்டங்கள் சில ஆண்டுகளில் இணையத்தில் காணாமல் போகின்றன.

இதுவரை பார்த்தது: படம் எடுப்பது முதல் படிதான். மீத்தரவு, பொது அச்சு, திரட்டி, உரிமைக் குறிப்பு, நிலைத்த எண் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

மீத்தரவு யாருடையது

சிறிய கேள்வி போலத் தெரியும். பெரிய சண்டை நடந்தது. பட்டியல் தயாரிக்க நூலகர்கள் பல தலைமுறைகள் உழைத்திருக்கிறார்கள். அதை இலவசமாகக் கொடுத்தால் வணிக நிறுவனம் எடுத்து விற்காதா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனை இருந்தால் அந்தத் தரவை விக்கிபீடியாகூடப் பயன்படுத்த முடியாது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2012-இல் எல்லா மீத்தரவையும் சிசி0 என்ற முழு விடுதலை அறிவிப்பின்கீழ் தரும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது; அப்போது இரண்டு கோடிப் பதிவுகள் ஒரேயடியாகத் திறக்கப்பட்டன. விடுதலை மீத்தரவுக்கு மட்டும்தான். பொருளின் உரிமை தனி. அதற்கென 14 உரிமைக் குறிப்புகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் அவற்றில் ஒன்றைத் தாங்கியாக வேண்டும். "யூரோப்பியானாவில் இருந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

இருபதாம் நூற்றாண்டு ஏன் காணோம்

19-ஆம் நூற்றாண்டுப் புத்தகம் கொட்டிக்கிடக்கும் இடத்தில் 1950-இன் புத்தகம் ஏன் இல்லை? ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கும், இந்தியாவில் 60. அந்தக் காலம் முடிந்தபின் படைப்பு யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்களத்துக்கு வருகிறது. 1950-இல் எழுதியவர் 1990-இல் இறந்திருந்தால் அவர் புத்தகம் 2061-இல்தான் விடுபடும். இடைப்பட்ட காலத்தில் அதைப் பதிப்பகம் பெரும்பாலும் மறுபடி அச்சிடாது. நூலகம் இணையத்தில் போடவும் முடியாது.

அவற்றில் ஒரு பகுதி உரிமையாளர் தெரியாத படைப்புகள்: உரிமை உயிரோடு இருக்கிறது, உடையவர் யார் அல்லது எங்கே என்று தெரியவில்லை. இதற்காக 2012-இல் ஒரு நெறியாணை வந்தது. நூலகம் முனைப்புடன் தேட வேண்டும். எந்தெந்த ஆதாரங்களில் தேடினோம் என்று எழுதிவைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் ஸ்பெயினின் அலிகாந்தேயில் உள்ள ஒன்றிய அறிவுச்சொத்து அலுவலகத்தின் தரவுத்தளத்தில் பதிந்துவிட்டு வெளியிடலாம். காகிதத்தில் நன்றாக இருந்தது. நடைமுறையில் தோற்றது. காரணம் கணக்குதான். பிரிட்டிஷ் நூலகம் தொடர்பாக 2011-இல் 140 புத்தகங்களை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு புத்தகத்தின் உரிமையைத் தேட சராசரியாக 4 மணி நேரம் ஆனது. 5 லட்சம் புத்தகத்துக்கு 20 லட்சம் மணி நேரம். ஒரே ஆள் செய்தால் ஆயிரம் ஆண்டு. ஸ்கேன் செய்யும் செலவைத் தேடும் செலவு விழுங்கிவிடுகிறது.

அதிலிருந்து பாடம் கற்று எழுதியதுதான் 2019-இன் பதிப்புரிமை நெறியாணை. 2021 ஜூன் 7-க்குள் நாடுகள் தங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கெடு வைத்தது. அதன் 8-ஆம் பிரிவு கேள்வியையே மாற்றிவிட்டது. உரிமையாளரைத் தேடிப் பிடிக்க வேண்டாம். புத்தகம் வழக்கமான விற்பனை வழிகளில் கிடைக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கிடைக்காவிட்டால் அது விற்பனையில் இல்லாத படைப்பு. அந்த நாட்டில் எழுத்தாளர்கள், பதிப்பாளர்களின் உரிமத்தொகையை வசூலிக்கும் சங்கம் இருந்தால் அதனிடம் நூலகம் உரிமம் வாங்கும். அந்தச் சங்கத்தில் சேராதவர்களின் புத்தகங்களுக்கும் அது செல்லும். சங்கமே இல்லாத துறையில் சட்டமே விலக்குத் தருகிறது. வெளியிடுவதற்கு 6 மாதம் முன்பே அலிகாந்தே அலுவலகத்தின் தளத்தில் அறிவிக்க வேண்டும். எழுத்தாளர் எப்போது வேண்டுமானாலும் "என் புத்தகத்தை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லலாம்.

இந்த யோசனை நார்டிக் நாடுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. நார்வே ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை. ஆனால் அதன் தேசிய நூலகம் 'கோபினோர்' என்ற உரிமச் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்து, முதலில் 2000-ஆம் ஆண்டு வரை வெளியான நார்வேப் புத்தகங்களை முழுமையாகப் படிக்கத் திறந்துவிட்டது. கட்டணம் பக்கக் கணக்கில் சங்கத்துக்குப் போகிறது. நார்வேக்குள்ளிருந்துதான் படிக்கலாம், தரவிறக்க முடியாது. பிரான்ஸ் இதே நோக்கத்தில் 2012-இல் சட்டம் போட்டு ஆசிரியரைச் சரியாகக் கேட்காமலே முன்னேறியது. 2016-இல் லக்ஸம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்றது: ஒவ்வோர் ஆசிரியருக்கும் முன்கூட்டியே உண்மையில் தெரியப்படுத்தி, மறுக்க வாய்ப்புத் தர வேண்டும். 6 மாத அறிவிப்பு விதி அந்தத் தீர்ப்பின் நிழலில் எழுதப்பட்டது.

தமிழ் வாசகருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வரி அதே 8-ஆம் பிரிவில் இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றியத்துக்கு வெளியே முதலில் பதிப்பான படைப்புகள் அடங்கிய தொகுதிக்கு இந்தச் சலுகை பொதுவாகப் பொருந்தாது. ஐரோப்பிய நூலகம் ஒன்றில் 1960-களின் சென்னைப் பதிப்புகள் அலமாரி அலமாரியாக இருந்தாலும், இதைக் காட்டி அவற்றை இணையத்தில் ஏற்றிவிட முடியாது.

மின்நூல் இரவலும் பார்வைக் குறைபாடுள்ளோர் நூல்களும்

நூலகம் அச்சுப் புத்தகத்தை இரவல் தரும் உரிமை 1992-இன் நெறியாணையில் இருந்தது. மின்நூலுக்கு அது பொருந்துமா என்று நெதர்லாந்தின் பொது நூலகச் சங்கம் வழக்குப் போட்டது. 2016 நவம்பர் 10 அன்று அதே லக்ஸம்பர்க் நீதிமன்றம் பொருந்தும் என்றது: ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே தர வேண்டும், காலம் முடிந்ததும் அவரிடமுள்ள கோப்பு இயங்கக்கூடாது. தீர்ப்பு கொண்டாடப்பட்டது, பலன் குறைவு. பதிப்பகம் நூலகத்துக்கு மின்நூலை விற்றே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. பெரும்பாலான நூலகங்கள் இன்றும் இத்தனை ஆண்டு, இத்தனை இரவல் என்ற உரிம நிபந்தனைகளில்தான் மின்நூல் வாங்குகின்றன.

பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான பிரதிகளில் நிலைமை நல்லது. 2013-இல் மராக்கேஷில் கையெழுத்தான உலக ஒப்பந்தம், பிரெய்ல், ஒலிநூல் போன்ற வடிவங்களை உரிமையாளரிடம் கேட்காமல் செய்யவும் நாடு விட்டு நாடு அனுப்பவும் வழிவிட்டது. அதை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா, 2014-இல். ஒன்றியத்தில் அது 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

பணம் எங்கிருந்து

ஐரோப்பாவின் நூலகங்கள், அருங்காட்சியகங்கள், காப்பகங்களில் இருப்பதையெல்லாம் மின்னாக்கம் செய்ய ஏறக்குறைய 10,000 கோடி யூரோ ஆகும் என்று 2010-இல் ஆணையத்தின் அறிஞர் குழுவுக்காக ஒரு மதிப்பீடு செய்யப்பட்டது. ஒன்றியம் அந்தப் பணத்தைத் தருவதில்லை. யூரோப்பியானாவின் தளம், தரவு மாதிரி, கூட்டு ஆய்வுகள் ஆகியவற்றுக்குத்தான் அதன் நிதி. ஸ்கேனிங் செலவு பெரும்பாலும் நாட்டு அரசு, நகராட்சி, பல்கலைக்கழகம் தலையில். பின்தங்கிய பகுதிகளுக்கான ஒன்றிய வளர்ச்சி நிதியிலிருந்து எடுக்கலாம். ஆனால் அதே பணத்துக்குச் சாலையும் போட்டியிடும்.

தனியாரோடு சேர்வது இன்னொரு வழி. ஆஸ்திரிய தேசிய நூலகம் சுமார் 6 லட்சம் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்ய 2010-இல் கூகுளோடுதான் ஒப்பந்தம் போட்டது. எதிர்ப்பில் பிறந்த திட்டத்துக்கு எதிரியே புத்தகம் தந்த கதை. இத்தகைய ஒப்பந்தத்தில் தனியார் நிறுவனம் கேட்கும் தனியுரிமைக் காலம் பொதுவாக 10 ஆண்டைத் தாண்டக்கூடாது என்று 2013-இன் நெறியாணை வரம்பு கட்டியது. காலம் முடிந்ததும் கோப்புகளின் பிரதி நூலகத்துக்கு இலவசமாகக் கிடைத்தாக வேண்டும்.

தமிழில் தேடுவதற்கு

ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள பிராங்கே அறநிலையத்தில் தரங்கம்பாடி மிஷனின் ஆவணங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. பாரிஸின் தேசிய நூலகத்திலும் தமிழ்ச் சுவடித் தொகுப்பு உண்டு. அதில் ஒரு பகுதி காலிகாவில் கிடைக்கிறது. தமிழ் எழுத்தில் தேடினால் இவை பெரும்பாலும் அகப்படா. பதிவை எழுதியவர் ஜெர்மானியரோ பிரெஞ்சுக்காரரோ. தலைப்பை ரோமன் எழுத்தில் தன் காலத்து ஒலிபெயர்ப்பில் எழுதியிருப்பார். மொழிப் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் தராமல் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும், பழைய ஜெர்மன் எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள். ஊரைத் தேடும்போது தரங்கம்பாடி என்பதற்குப் பதில் அன்றைய ஐரோப்பியப் பெயரான டிராங்கேபார் (Tranquebar) என்று போடுங்கள்.

கிடைத்ததும் யூரோப்பியானா பக்கத்தோடு நிற்காமல் சொந்தக்கார நூலகத்தின் பக்கத்தைத் திறந்து, அங்கே தரப்பட்ட நிலைத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கோளில் அதைத்தான் கொடுக்க வேண்டும். உரிமைக் குறிப்பை அழுத்திப் படியுங்கள். பொதுக்களம் என்று இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். "பதிப்புரிமை மதிப்பிடப்படவில்லை" என்று இருந்தால் அது அனுமதி அல்ல. நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும். மங்கலான படம் மட்டும் தெரிந்தாலும் எழுதிக் கேளுங்கள்: மூல டிஃப் கோப்பு அவர்களிடம் இருக்க வாய்ப்புண்டு. பதிவின் எண், தேவையான பக்க எண்கள், எதற்காக வேண்டும் என்பது ஆகிய மூன்றையும் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிட்டால் பதில் சீக்கிரம் வரும்.